ஆளுக்கு 24 சதுர அடி: ஹாங்காங் தன் நெருக்கடியை அளந்த கதை

ஒரு வீட்டில் இடம் போதவில்லை என்று தெரிந்துகொள்ள வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே போதும். ஆனால் அரசாங்கத்தால் லட்சக்கணக்கான வாசல்களில் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு வேறு வீடு கிடைக்கும், யார் வரிசையில் காத்திருப்பார்கள், யார் கணக்கிலேயே வராமல் போவார்கள் என்பதெல்லாம் முடிவாகிறது.

எழுபது ஆண்டுகளாக இந்த எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஊர் ஹாங்காங். நெருக்கடி மனிதர்களை என்ன செய்கிறது என்று ஆராயவும் அங்கே சீக்கிரமே ஆட்கள் போனார்கள். அளவுகோல் ஒரு பக்கம், உள்ளே வாழ்கிறவர்கள் படும் பாடு இன்னொரு பக்கம். இரண்டும் எவ்வளவு தூரம் ஒட்டுகின்றன என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அரை ஆள்

1953 கிறிஸ்துமஸ் இரவு, கவ்லூன் பக்கத்தில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. சுமார் 53,000 பேர் ஒரே இரவில் வீடிழந்தார்கள். பெரும்பாலும் சீனாவிலிருந்து தப்பி வந்தவர்கள். அன்றைய பிரிட்டிஷ் காலனி அரசு அதே பகுதியில் மறுகுடியமர்வுக் கட்டடங்களை எழுப்பத் தொடங்கியது. ஆறேழு மாடி, மேலிருந்து பார்த்தால் ஆங்கில எச் எழுத்து. இரண்டு நீண்ட பகுதிகளில் வரிசையாக அறைகள், நடுவில் இணைக்கும் பகுதியில் எல்லோருக்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும். அறைக்குள் அடுப்படி கிடையாது. வாசலை ஒட்டிய நடையில்தான் சமையல்.

அறை 120 சதுர அடி. அது 5 பெரியவர்களுக்கு. ஆக, ஆளுக்கு 24 சதுர அடி. ஒரு பாயை விரித்து, பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்தால் தீர்ந்துவிடும் இடம். 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை, ரயிலில் அரை டிக்கெட் போடுவது போல, அரை ஆளாகக் கணக்கிட்டார்கள்.

இந்த அரை ஆள் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. 3 பெரியவர்களும் 4 சின்னப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலையை எண்ணினால் 7, கணக்கில் 5. அறை சரியாகப் பொருந்துகிறது. பத்து வருடம் போகட்டும். 4 பிள்ளைகளும் 10 வயதைத் தாண்டிவிடுவார்கள். அதே விதிப்படி அந்தக் குடும்பத்துக்கு இப்போது 168 சதுர அடி வேண்டும். ஒருவர்கூடப் புதிதாக வரவில்லை, சுவர் ஒரு அங்குலம் நகரவில்லை, ஆனாலும் வீடு நெருக்கடி வீடாகிவிட்டது. குடியேறிய நாளில் மட்டும் அளக்கும் எந்த முறைக்கும் இந்த ஓட்டை இருக்கும்.

120 சதுர அடி என்றதும் இலங்கை மலையகத்தை அறிந்தவர்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு லயன் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின் ஒற்றை அறை, நினைவுக்கு வரும். இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் எழுந்தவை, பரப்பளவும் ஒன்றே. ஹாங்காங்கில் அந்த அளவைத் தீர்மானித்தது தீ விபத்தின் அவசரம். தோட்டத்தில் அப்படி எந்த அவசரமும் இல்லை. தொழிலாளியைக் குறைந்த செலவில் தங்கவைக்கும் கணக்கு மட்டும்தான். ஷெக் கிப் மெய்யின் பழைய கட்டடங்களில் ஒன்றான மெய் ஹோ ஹவுஸ் இன்றைக்கு இளைஞர் விடுதி. உள்ளே ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு. லயன்களில் இன்னமும் குடும்பங்கள்தான் இருக்கின்றன.

1972-இல் ஆளுநர் மெக்லிஹோஸ் பத்தாண்டு வீட்டுத் திட்டத்தை அறிவித்தபோது ஆளுக்கு 35 சதுர அடி என்ற இலக்கு வந்தது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் சமையலிடமும் வந்தன. என் கணக்கில் அந்த 11 சதுர அடி கூடியதைவிட, கதவைச் சாத்திக்கொள்ளும்படியாக ஒரு கழிப்பறை கிடைத்ததுதான் பெரிய மாற்றம்.

யாரோடு, எந்த மாடியில்

1960-களில் நெருக்கடி பற்றிப் பேசிய எல்லோர் வாயிலும் எலி இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் கால்ஹூன் எலிகளை அடைத்து வளர்த்து, கூட்டம் மிஞ்சியபோது அவை ஒன்றையொன்று கடித்ததையும் குட்டிகளைக் கைவிட்டதையும் 1962-இல் வெளியிட்டிருந்தார். மனிதர்களும் அப்படித்தான் ஆவார்கள் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் உலகிலேயே அதிக நெருக்கமாக வாழும் ஹாங்காங்கில் பாதிப் பேருக்குச் சித்தம் கலங்கியிருக்க வேண்டும்.

ராபர்ட் எட்வர்ட் மிட்செல் என்ற சமூகவியலாளர் அங்கேயே பெரிய அளவில் வீடுவீடாகக் கணக்கெடுத்து, 1971-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் பார்த்த வீடுகள் சாதாரண நெருக்கடி வீடுகள் இல்லை. பேசியவர்களில் 39 சதவீதம் பேர் உறவல்லாதவர்களோடு ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 28 சதவீதம் பேர் ஒரே படுக்கையில் மூன்று பேராகவோ அதற்கு மேலாகவோ தூங்கினார்கள். ஆனாலும் எலிக்கதை பலிக்கவில்லை. இடம் குறையக் குறையக் கவலையும் மனக்குறையும் கூடின, அதுவும் ஏழைகளிடம் அதிகமாக. ஆனால் ஆழமான மனநலக் கோளாறுக்கும், தலைக்கு எத்தனை சதுர அடி என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை.

அவருக்குக் கிடைத்தது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, யாரோடு இருக்கிறோம் என்பது. சொந்தக் குடும்பத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதைவிட, உறவில்லாத இன்னொரு குடும்பத்தோடு வீட்டைப் பகிர்வது மனத்தைப் பாதித்தது. இன்னொன்று, எந்த மாடி என்பது. ஒண்டுக்குடித்தனம் ஆறாவது மாடிக்கு மேலே இருந்தால் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. கீழ்மாடிக்காரர் சண்டை வந்தால் தெருவில் இறங்கி ஒரு நடை போய்விட்டு வருவார். மேல்மாடிக்காரருக்கு அந்த வழி சுலபமில்லை, யார் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சென்னையில் ஒரே கூடத்தைச் சுற்றி ஐந்தாறு குடித்தனம் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. குழாயடிச் சண்டையின் காரணம் தண்ணீர் மட்டும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அளந்து காட்டுவது வேறு. மிட்செல் அளந்து காட்டினார்.

அவரது முடிவுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று பிள்ளைகளைப் பற்றியது. நெருக்கடியான வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிடுகிறார்கள். விருந்தாளியையும் நண்பர்களையும் வீட்டுக்குக் கூட்டிவருவதில்லை. பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு சுற்றுகிறான் என்பது பெற்றோருக்குத் தெரியாமல் போகிறது. அந்தக் காலத்து மறுகுடியமர்வுக் கட்டடங்களின் மொட்டைமாடியில் தொண்டு அமைப்புகள் பள்ளிக்கூடங்கள் நடத்தின. வகுப்பறை என்பதற்கு மேல், பிள்ளைகளுக்கு அது வீட்டைவிட்டு வெளியே இருக்க ஓர் இடம். எந்த நெருக்கடிக் கணக்கிலும் மொட்டைமாடி சேர்வதில்லை.

அப்புறம் நம் நாட்டிலிருந்து ஒரு சான்று. 1980-களிலும் 90-களிலும் அமெரிக்க உளவியலாளர் கேரி எவன்ஸ் குழுவினர், பல்சானே முதலிய புனே ஆய்வாளர்களோடு சேர்ந்து, புனே நகரத்து வீடுகளைப் பார்த்தார்கள். நெருக்கடி கூடிய வீடுகளில் குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் தரும் ஆதரவு குறைந்திருந்தது. மனச்சோர்வு அந்த வழியாகத்தான் வந்தது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒதுங்க இடம் இல்லாத மனிதன், உடம்பால் ஒதுங்க முடியாததால் மனத்தால் ஒதுங்கிக்கொள்கிறான். பேச்சைக் குறைக்கிறான், கூப்பிட்டால் காதில் விழாதது போல் இருக்கிறான். அந்தப் பழக்கம் உதவி தேவைப்படும் நேரத்திலும் போவதில்லை. அதே ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, நெருக்கடி வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பையன்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. பெண்பிள்ளைகளிடம், கடினமான காரியத்தைச் சீக்கிரம் கைவிட்டுவிடும் போக்கு தெரிந்தது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எப்போதும் வரும். நெருக்கடியில் இருப்பவர்கள் ஏழைகளும்தானே? பாதிப்பு வறுமையால் வருகிறதா, இடத்தால் வருகிறதா? வருமானத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் ஒரு பகுதி மிஞ்சுகிறது என்பதுதான் பல ஆய்வுகளின் முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்களில் நெருக்கடியைக் குறைக்க வேண்டும் என்பது வலுவான பரிந்துரையாகவே இருக்கிறது. ஆனால் அதற்கான சான்றுகளில் தொற்றுநோய்கள், குறிப்பாகக் காசநோய் பற்றியவைதான் உறுதியானவை. மனநலம், தூக்கம் பற்றியவை அவ்வளவு உறுதியில்லை. காசநோய்க் கிருமிக்கு யார் உறவு, யார் அந்நியர் என்ற கவலை இல்லை, காற்றும் தூரமும்தான் கணக்கு. அதனால் சதுர அடி அங்கே நன்றாக வேலை செய்கிறது. மனத்துக்கு அதே அளவுகோலை வைத்தால் தடுமாறுகிறது.

12 படுக்கை

1990-இல் ஷாம் ஷூய் போ பகுதியில் ஒரு கூண்டு வீட்டில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். கூண்டு வீடு என்பது உவமை இல்லை. அடுக்குக் கட்டில்களைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, ஒவ்வொன்றையும் ஒரு ஆளுக்கு வாடகைக்கு விடுவது. வலை எதற்கென்றால் திருட்டுக்கு. 1994-இல் இவற்றுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரே வீட்டில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகளை வாடகைக்கு விட்டால்தான் உரிமம் தேவை. 11 படுக்கை என்றால் சட்டத்துக்கு அது சாதாரண வீடு.

இப்படி ஒரு கோடு போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வலைக்குப் பதில் பலகை வந்தது. படுக்கைக்குப் பதில் அறை வந்தது. பழைய கட்டடங்களில் ஒரு வீட்டை மூன்று, நான்கு, ஐந்து துண்டாகத் தடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கதவும் குட்டிக் கழிப்பறையும் வைத்து வாடகைக்கு விடுவது பரவியது. ஊர்க்காரர்கள் இதை டொங் ஃபொங் என்கிறார்கள். கழிப்பறைக் குழாய் போக வேண்டும் என்பதற்காகத் தரையை மேடாக்குவார்கள், அதனால் கூரை இன்னும் கிட்டே வந்துவிடும். கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்திலேயே அரிசி குக்கர் இருக்கும். வாடகை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 2016-இல் நடுமதிப்பு, அதாவது பாதிக்கு மேலேயும் பாதிக்குக் கீழேயும் பிரிக்கும் எண், மாதம் 4,500 ஹாங்காங் டாலர்.

2013-இல் அங்கே ஏழைகளுக்காக வேலை செய்யும் சோகோ என்ற அமைப்பு இந்த அறைகளின் படங்களை வெளியிட்டது. எல்லாம் நேர்மேலே இருந்து கீழ்நோக்கி எடுத்தவை. பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டுமானால் கேமராவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர இடம் வேண்டுமே.

இனி எண்கள். 2016 கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட அறைகள் 92,700, உள்ளே 2,09,700 பேர். தலைக்குப் பரப்பளவின் நடுமதிப்பு 5.3 சதுர மீட்டர், ஏறத்தாழ 57 சதுர அடி. நகரம் முழுவதற்கும் அது 15 சதுர மீட்டர். அரசு வாடகை வீடுகளை நிர்வகிக்கும் வீட்டுவசதி ஆணையத்தின் விதிப்படி, ஆளுக்கு 5.5 சதுர மீட்டருக்குக் கீழே போனால் அது நெருக்கடிக் குடும்பம், பெரிய வீட்டுக்கு மாற விண்ணப்பிக்கலாம். ஆக, துண்டு அறைக் குடும்பங்களில் பாதிக்கு மேல் அரசே போட்ட கோட்டுக்குக் கீழே. ஆனால் அந்தக் கோடு அரசு வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு. தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர் அரசு வீட்டுக்கான வரிசையில்தான் நிற்க வேண்டும். 2022-இல் சராசரிக் காத்திருப்பு 6 ஆண்டைத் தாண்டியிருந்தது.

2021 கணக்கெடுப்பில் தலைக்குப் பரப்பளவு 6.0 ஆகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறைகளின் எண்ணிக்கை 1,07,000-ஐத் தாண்டியிருக்க, ஆட்களோ சுமார் 2,15,700 பேர்தான். வகுத்துப் பாருங்கள்: 2016-இல் ஒரு அறைக்கு ஏறத்தாழ 2.3 பேர், 2021-இல் 2 பேர். முன்னேற்றத்தில் ஒரு பகுதியாவது அறை பெரிதானதால் வரவில்லை, உள்ளே ஆள் குறைந்ததால் வந்திருக்கிறது. தலைக்கு இத்தனை என்று வகுக்கும் எந்த எண்ணையும் பார்க்கும்போது மேலே உள்ளது கூடியதா, கீழே உள்ளது குறைந்ததா என்று கேட்காமல் விடக் கூடாது.

ஒரே அறை, நான்கு தீர்ப்பு

அளவுகோல்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கலாம். ஹாங்காங் விதியைச் சொல்லிவிட்டேன்: ஆளுக்கு 5.5 சதுர மீட்டர். ஐ.நா.வின் வாழிட அமைப்பு, ஒரு அறைக்கு 3 பேருக்கு மேல் போனால் நெருக்கடி என்கிறது. கனடாவில் உருவாகி நியூசிலாந்தும் பயன்படுத்தும் விதி படுக்கையறையை எண்ணுகிறது: தம்பதிக்கு ஒன்று, 18 வயதைக் கடந்த தனியாள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, 5 வயதைத் தாண்டிய ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே அறையில் கூடாது, இப்படி. இந்தியாவில் 2012-இல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணித்த நிபுணர் குழு, திருமணமான தம்பதிக்குத் தனி அறை உண்டா என்று பார்த்தது. அப்போது சொன்ன 1.88 கோடிப் பற்றாக்குறையில் சுமார் 1.5 கோடி இந்த நெருக்கடிக் கணக்கில் வந்ததுதான்.

இப்போது கற்பனையாக ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 14 வயது மகள், 9 வயது மகன், 12 சதுர மீட்டர் அறை. நான்கு விதியும் ஒரே குரலில் நெருக்கடி என்கின்றன. பிரச்சினையே இல்லை.

அடுத்தது, ஒரு பாட்டியும் 20 வயதுப் பேரனும், 11.5 சதுர மீட்டர் அறையில். தலைக்கு 5.75, ஹாங்காங் விதியில் தேறிவிடுகிறார்கள். ஒரு அறைக்கு 2 பேர், ஐ.நா. விதியிலும் தேறுகிறார்கள். தம்பதி என்று யாருமே இல்லாததால் இந்திய விதிக்கு அவர்கள் கண்ணிலேயே படவில்லை. கனடா விதி மட்டும் இரண்டு படுக்கையறை வேண்டும் என்று சொல்லி நெருக்கடிப் பட்டியலில் போடுகிறது. பேரன் இரவு வேலை பார்ப்பவனாக இருந்தால் அவன் தூங்கும் பகலில் பாட்டி விளக்கைப் போட முடியாது, பாத்திரத்தை உருட்ட முடியாது. மூன்று விதிகளின்படி இந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை.

கனடா விதிதான் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. அதற்குள் யார் யாரோடு படுக்கலாம் என்பதைப் பற்றிய வட அமெரிக்க ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் பாட்டி மடியில் தூங்கிய பேத்தி, கல்லூரி போகிற வயதிலும் அதே பாயில் படுத்தால் யாரும் குறையாக நினைப்பதில்லை. அந்தப் பேத்திக்கு அது பிடித்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதை யாராவது அவளிடமே கேட்க வேண்டும். கேட்டுப் பதிவதும் அளவைதான். உன்னால் இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் இருக்க முடியுமா, இரவில் எத்தனை முறை எழுப்பப்படுகிறாய், பாடம் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய், வீட்டில் சண்டை வந்தால் எங்கே போவாய் என்ற நான்கைந்து கேள்விகள் சதுர மீட்டரோடு சேர்ந்தால், மிட்செல் கண்டது போன்ற வித்தியாசங்கள் தெரிய வரும். வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டால் வராது. அவர்தான் அந்த வீட்டில் அதிக இடம் எடுத்துக்கொள்பவர்.

8 சதுர மீட்டர்

2022 ஜனவரியில் துண்டு அறைகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், இன்னொரு இரண்டு ஆண்டுக்குப் புதுப்பிக்கும் உரிமை, புதுப்பிக்கும்போது 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. முதல் வாடகை எவ்வளவு என்பதற்கு வரம்பு இல்லை. இட அளவைப் பற்றி அதில் எதுவும் கிடையாது.

2025 செப்டம்பரில் நிறைவேறிய அடிப்படை வீட்டு அலகுச் சட்டம்தான் முதன்முறையாக இந்த அறைகளுக்கு ஓர் அளவை வைத்தது. குறைந்தது 8 சதுர மீட்டர், 2.3 மீட்டர் உயரம், ஒரு சன்னல், அந்த அறைக்கே உரிய கழிப்பறை, தண்ணீர், தனி மின்மீட்டர். 2026 மார்ச் முதல் நடைமுறை, ஏற்கெனவே உள்ள அறைகளைப் பதிவுசெய்து மாற்றிக்கொள்ள அவகாசம் உண்டு. சன்னலும் தனிக் கழிப்பறையும் இந்தப் பட்டியலில் இருப்பது நல்ல விஷயம். வெறும் பரப்பளவோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் 8 என்பது அறையின் அளவு. ஒரு அம்மாவும் 3 வயதுக் குழந்தையும் அதில் குடியேறினால் தலைக்கு 4 சதுர மீட்டர். அதே அரசின் வீட்டுவசதி ஆணையம் நெருக்கடி என்று சொல்லும் 5.5-க்கு நன்றாகக் கீழே. புதுச் சட்டப்படி சரியான வீடு, பழைய விதிப்படி நெருக்கடி வீடு. இரண்டு கோடும் ஒரே அரசு போட்டதுதான். படுக்கை மட்டும் வாடகைக்கு விடும் இடங்கள் இந்தச் சட்டத்தில் வரவில்லை. அவற்றுக்கு இன்னமும் 1994-இன் 12 படுக்கைக் கணக்குதான்.

8-க்குக் கீழே உள்ள அறைகளை மூடச் சொன்னால் அங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் ஹாங்காங்கில் இப்போது ஓடும் விவாதம். சிலருக்கு அரசு வீடோ தற்காலிக வீடோ கிடைக்கும். சிலர் 8 சதுர மீட்டரைத் தாண்டிய அறைக்குக் கூடுதல் வாடகை கொடுத்துப் போவார்கள், அந்த வாடகையைச் சமாளிக்க இன்னொருவரைக் கூடச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்கிறவர் உறவாக இல்லாவிட்டால் அது 1971-இல் மிட்செல் சொன்ன அதே நிலை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பில் அடுத்தது 2026-இல். 6.0 என்ற எண் எவ்வளவு ஆயிற்று என்பதைவிட, ஒரே அறையில் உறவல்லாதவர்கள் எத்தனை பேர் சேர்ந்து இருக்கிறார்கள் என்ற எண்ணைத்தான் அதில் நான் முதலில் தேடுவேன்.